டைனமோவா, ஆல்டர்னேட்டரா? பழைய கார் வாங்கியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டோ மார்க் 1 அம்பாசடரோ வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரு மாதத்துக்குள் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "டைனமோவைக் கழற்றிப் போட்டுட்டு ஆல்டர்னேட்டர் மாட்டிடுங்க சார், தொல்லையே இருக்காது." இன்னொருவர் நேர் எதிராக, ஒரிஜினலில் கை வைத்தால் காரின் மதிப்பே போய்விடும் என்பார். டைனமோ, ஆல்டர்னேட்டர் இரண்டுமே எஞ்சினோடு சேர்ந்து சுற்றி மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரியை ஏற்றுபவை; முன்னது பழைய வகை, பின்னது புது வகை. இரண்டு பேருமே ஒரு கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள். உங்கள் காருக்கு எத்தனை ஆம்பியர் வேண்டும், அதுவும் எஞ்சின் எந்த வேகத்தில் ஓடும்போது வேண்டும்? அதைத் தெரிந்துகொள்ளாமல் ஸ்பானரை எடுக்க வேண்டாம்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது 12 வோல்ட், லூகாஸ் வகை மின்சாதனங்கள் உள்ள கார்களை. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் செய்த ஹெரால்டு, உத்தரப்பாராவில் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழியில் பிறந்த அம்பாசடர், இறக்குமதியான மோரிஸ் மைனர், எம்ஜி எல்லாம் இந்தக் குடும்பம். 1961-இல் சென்னையை அடுத்த பாடி என்ற ஊரில் லூகாஸ் டிவிஎஸ் தொடங்கியதால் இந்த வகைச் சாமான்கள் நம் ஊர் எலெக்ட்ரீஷியன்களுக்கு இரண்டு தலைமுறையாகப் பழக்கம். 6 வோல்ட் கார்களின் கதை வேறு. ரெகுலேட்டரே (சார்ஜைக் கட்டுப்படுத்தும் கருவி) இல்லாமல், மின்சாரத்தை எடுக்கும் கார்பன் துண்டுகளில் மூன்றாவதை நகர்த்தி சார்ஜைக் கூட்டிக் குறைக்கும் 1920-களின் டைனமோக்களும் அப்படித்தான். அவற்றுக்கு இந்தக் கட்டுரையை அப்படியே பின்பற்றாதீர்கள்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்

டைனமோவில் மின்சாரம் பிறப்பது சுற்றுகிற ஆமேச்சரில், அதாவது கம்பிச் சுருள் சுற்றிய உருளையில். பிறக்கிற மொத்த ஆம்பியரும் காம்யூட்டேட்டர் (உருளையின் முனையில் உள்ள செம்புப் பட்டை வளையம்) வழியாக, இரண்டே இரண்டு கார்பன் துண்டுகளைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். ஆல்டர்னேட்டரில் இது தலைகீழ். சுற்றுவது காந்தப் புலம். மின்சாரம் பிறப்பது அசையாமல் நிற்கும் வெளிச்சுற்றில். அங்கே கார்பன் வழியாகப் போவது புலத்துக்கான சில ஆம்பியர் மட்டும். அதனால் கார்பன் நெடுநாள் உழைக்கும். ரோட்டரை (சுற்றும் பாகத்தை) மிக வேகமாகச் சுற்றவிடலாம் என்பதால் சின்ன புல்லி போடலாம். சின்ன புல்லி போட்டால் எஞ்சின் மெதுவாக ஓடும்போதே சார்ஜ் கிடைக்கும். டைனமோவை அவ்வளவு வேகத்தில் சுற்றினால் ஆமேச்சரின் சுருள் பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அதற்குப் பெரிய புல்லி போட்டிருப்பதன் காரணம் இதுதான்.

லூகாஸ் சி40 டைனமோவை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இதன் உச்ச அளவு 22 ஆம்பியர். டைனமோ நிமிடத்துக்கு 1,450 சுற்று வந்தால்தான் சார்ஜ் கொடுக்கத் தொடங்கும். முழு 22 ஆம்பியருக்கு 2,250 சுற்று வேண்டும். எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால் டைனமோ ஒன்றரைச் சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், 750-இல் ஐடில் ஓடும் எஞ்சின் டைனமோவுக்குக் கொடுப்பது 1,125 சுற்று. அதாவது சிக்னலில் நிற்கும்போது சார்ஜ் சுத்தமாக இல்லை. சிவப்பு விளக்கு மினுக்குவதும், ஆம்பியர் மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாய்வதும், ஹெட்லைட் மங்குவதும் பழுதல்ல. அதன் பிறவிக் குணம். புதிதாக வாங்கியவர்கள் பாதிப் பேர் இதைப் பார்த்துத்தான் பயந்து மெக்கானிக்கிடம் ஓடுகிறார்கள். எஞ்சின் 1,500 சுற்றைத் தொட்டால் அதே டைனமோ முழு அளவைக் கொடுத்துவிடும்.

முதல் வேலை: காகிதத்தில் கணக்கு

பல்பின் வாட்ஸை 12-ஆல் வகுத்தால் ஆம்பியர். பெரிய சூத்திரம் ஒன்றும் இல்லை.

60/45 வாட்ஸ் பழைய ஹெட்லைட் இரண்டு, டிம்மில் 90 வாட்ஸ், ஏழரை ஆம்பியர். பார்க்கிங், டெயில், நம்பர் பிளேட், மீட்டர் விளக்குகள் எல்லாம் சேர்த்து இரண்டரை. இக்னிஷன் காயில் மூன்றரை முதல் நான்கு. ஆக இரவுப் பயணத்துக்குச் சுமார் 14 ஆம்பியர். மழை வந்தால் வைப்பருக்கு இரண்டு மூன்று கூட்டிக்கொள்ளுங்கள், 17 ஆகிறது. 22 கொடுக்கும் டைனமோவுக்கு இது தாங்கும், கார் ஓடிக்கொண்டிருக்கும் வரை.

இனி நம்மவர்கள் செய்யும் வேலையைச் சேர்த்துப் பாருங்கள். "வெளிச்சம் பத்தல" என்று 100/90 வாட்ஸ் ஹாலஜன் போட்டால் டிம்முக்கே 15 ஆம்பியர். டைனமோவின் கதை அங்கேயே முடிந்தது. ரேடியேட்டருக்கு எலெக்ட்ரிக் ஃபேன் வைத்தால் எட்டு முதல் பத்து ஆம்பியர். ஏசி போட்டால் கம்ப்ரசர் கிளட்ச், ப்ளோயர், கண்டென்சர் ஃபேன் மூன்றும் சேர்ந்து இருபதுக்கும் மேலே கேட்கும். ஏசி வேண்டும் என்று முடிவு செய்துவிட்டீர்கள் என்றால் மேற்கொண்டு யோசிக்க ஒன்றும் இல்லை, ஆல்டர்னேட்டர்தான்.

மொத்தக் கணக்கு மட்டும் போதாது, எவ்வளவு நேரம் நின்று நின்று போகிறீர்கள் என்பதும் சேர வேண்டும். மாலை ஏழு மணிக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு நெரிசலில் அரை மணி நேரம் ஐடிலில் நின்றால் 14 ஆம்பியரும் பேட்டரியிலிருந்தே போகிறது. 7 ஆம்பியர்-மணி காலி. அதைத் திரும்ப ஏற்ற, ஓடும்போது மிச்சமாகும் எட்டு ஆம்பியரை வைத்துக்கொண்டு ஏறக்குறைய ஒரு மணி நேரம் நல்ல வேகத்தில் ஓட்ட வேண்டும். ஞாயிறு காலை இசிஆர் வரை போய்வருகிறவருக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. தினமும் அலுவலகத்துக்கு அதே காரில் போகிறவருக்கு இது மாதம் ஒரு முறை தள்ளு ஸ்டார்ட்.

இரண்டாவது: இருக்கிற டைனமோவைச் சோதியுங்கள்

"சார்ஜ் ஏறவில்லை" என்று சொல்லிக் கழற்றி எறியப்பட்ட டைனமோக்களில் நிறைய நல்ல டைனமோக்கள். குற்றவாளி தளர்ந்த ஃபேன் பெல்ட்டாகவோ, துருப்பிடித்த எர்த் இணைப்பாகவோ, கட்அவுட் பெட்டியின் (ரெகுலேட்டர் இருக்கும் பெட்டி) அழுக்குப் பாயின்ட்டாகவோ இருக்கும். எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் இந்தச் சோதனையைச் செய்துவிட்டு எடுங்கள். தேவைப்படுவது ஒரு சாதாரண மல்டிமீட்டரும் ஒரு துண்டு வயரும்.

பெல்ட்டை முதலில் பாருங்கள். இரண்டு புல்லிகளுக்கு இடையே நீளமான பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஒன்றரை சென்டிமீட்டர் அளவு உள்ளே போக வேண்டும். அதைவிட அதிகம் போனால் வழுக்கும். கம்பி மாதிரி விறைத்திருந்தால் பின்பக்க புஷ் தேயும்.

அப்புறம் டைனமோவின் பின்னால் இரண்டு முனைகள் இருக்கும். பெரியது டி, சின்னது எஃப். இரண்டு வயரையும் கழற்றி, எதிலும் படாதபடி ஒதுக்கிவையுங்கள். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து ஒரு முனையை டி-யிலும் மற்றதை எஞ்சின் உடம்பில் சுத்தமான இரும்பிலும் பிடியுங்கள். எஞ்சினை ஐடிலுக்குச் சற்று மேலே ஓட்டினால் இரண்டு முதல் நான்கு வோல்ட் காட்ட வேண்டும். டைனமோவுக்குள் இருக்கும் காந்த இரும்பில் (பெயர் 'போல் ஷூ') தங்கியிருக்கும் மிச்சக் காந்தம் தருவது இது. ஒன்றுமே காட்டாவிட்டால் கார்பன் காம்யூட்டேட்டரைத் தொடவில்லை, அல்லது காந்தம் போய்விட்டது.

இப்போது எஞ்சினை நிறுத்தி டி-யையும் எஃப்-ஐயும் துண்டு வயரால் இணையுங்கள். மீட்டர் அந்த இணைப்புக்கும் உடம்புக்கும் இடையே இருக்கட்டும். எஞ்சினை ஸ்டார்ட் செய்து மெதுவாக, மிக மெதுவாக வேகத்தைக் கூட்டுங்கள். வோல்ட் தடங்கலில்லாமல் சரசரவென்று ஏறி 15-ஐத் தாண்டினால் டைனமோ நன்றாக இருக்கிறது; கோளாறு வயரிலோ கட்அவுட் பெட்டியிலோ. ஓரிரு வோல்ட்டிலேயே நின்றுவிட்டால் காந்தப் புலம் தரும் ஃபீல்டு காயிலைச் சந்தேகியுங்கள். நாலைந்து வோல்ட்டுக்கு மேல் ஏற மறுத்தால் ஆமேச்சர். எந்தக் காரணம் கொண்டும் 20 வோல்ட்டைத் தாண்டவிடாதீர்கள், ஆக்சிலரேட்டரை மிதித்து உறுமவும் வைக்காதீர்கள். ரெகுலேட்டர் இல்லாமல் ஓடும் டைனமோவுக்குக் கடிவாளம் கிடையாது.

டைனமோ தேறாவிட்டாலும் உடனே கைவிட வேண்டியதில்லை. பின்பக்க மூடியைக் கழற்றி இரண்டு கார்பனையும் எடுத்துப் பாருங்கள். சென்டிமீட்டர்கூட இல்லாமல் தேய்ந்திருந்தால் புதிது போடுங்கள். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அதையும். காம்யூட்டேட்டர் தேன் நிறத்தில் வழவழப்பாக இருந்தால் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தால் போதும். கறுத்துப் பள்ளம் விழுந்திருந்தால் லேத்தில் கொடுத்து லேசாகச் சீவச் சொல்லுங்கள். சீவிய பிறகு செம்புப் பட்டைகளுக்கு நடுவே இருக்கும் மைக்காவை முக்கால் மில்லிமீட்டர் ஆழத்துக்கு அறுத்துவிட வேண்டும். அவசரத்தில் இதை விட்டுவிடும் கடைகள் உண்டு, கேட்டு வாங்குங்கள். மைக்கா மேலே துருத்திக்கொண்டிருந்தால் கார்பன் குதித்துப் பொறி பறக்கும். பின்மூடியின் நடுவில் ஒரு சின்ன எண்ணெய்த் துளை இருக்கும். எஞ்சின் ஆயில் மாற்றும்போதெல்லாம் இரண்டு மூன்று சொட்டு. அதற்கு மேல் விட்டால் எண்ணெய் காம்யூட்டேட்டருக்குப் போய்விடும்.

ரீவைண்டிங் செய்த டைனமோவையோ வெகுநாள் சும்மா கிடந்ததையோ மாட்டும்போது அதற்குத் துருவம் காட்ட வேண்டும். இரண்டு வயரும் கழன்றிருக்க, பேட்டரியின் எர்த் அல்லாத (கார் உடம்போடு சேராத) முனையிலிருந்து ஒரு வயரை எஃப் முனையில் ஓரிரு முறை தொட்டு எடுங்கள். சின்னப் பொறி வரும், அவ்வளவுதான்.

மூன்றாவது: எது எர்த் என்று பாருங்கள்

பிரிட்டிஷ் வழி வந்த கார்கள் பலவற்றில் 1960-களின் பிற்பகுதி வரை பேட்டரியின் பாசிடிவ் முனைதான் உடம்போடு சேர்ந்திருக்கும். நீங்கள் வாங்கப்போகும் ஆல்டர்னேட்டர் அநேகமாக நெகடிவ் எர்த். இதைப் பார்க்காமல் இணைத்தால் உள்ளே இருக்கும், மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடுகள் கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடும். பாசிடிவ் எர்த் கார் எப்போதாவது நெகடிவுக்கு மாற்றப்பட்டிருக்கலாம். ஆகவே புத்தகத்தை நம்பாமல் பானட்டைத் திறந்து பேட்டரியிலிருந்து உடம்புக்குப் போகும் பட்டை எந்த முனையில் இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள்.

நெகடிவ் எர்த்துக்கு மாற்றுவது பயப்படுகிற அளவுக்குப் பெரிய வேலை அல்ல. பேட்டரி இணைப்பை மாற்றிப் போட வேண்டும். இக்னிஷன் காயிலின் இரண்டு சின்ன வயர்களையும், ஆம்பியர் மீட்டர் வயர்களையும் இடம் மாற்ற வேண்டும். செல்ஃப் மோட்டாரைப் பற்றிக் கவலை வேண்டாம், சுருள் காந்த மோட்டார் என்பதால் எப்படி இணைத்தாலும் ஒரே பக்கம்தான் சுற்றும். விளக்கு, ஹாரன் எதுவும் கண்டுகொள்ளாது. கவனிக்க வேண்டியவை பழைய ரேடியோ, எலெக்ட்ரானிக் டேகோமீட்டர், யாராவது பின்னால் மாட்டிய எலெக்ட்ரானிக் இக்னிஷன், ஹீட்டர் மோட்டார் ஆகியவை.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி

கணக்குப் போட்டதில் ஓரிரு ஆம்பியர்தான் இடிக்கிறது என்றால் டைனமோவை மாற்றுவதற்குப் பதில் செலவைக் குறைக்கலாம். டெயில், பார்க்கிங், நம்பர் பிளேட், மீட்டர் விளக்குகளை எல்இடி ஆக்கினால் இரண்டு ஆம்பியருக்குக் கிட்ட மிச்சம். பாசிடிவ் எர்த் காருக்கு அதற்கேற்ற எல்இடி பல்பு கேட்டு வாங்க வேண்டும், சாதாரணமானது எரியாது. ஹெட்லைட்டில் எல்இடி பல்பைத் திணிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய ரிஃப்ளெக்டரில் வெளிச்சம் சிதறி எதிரே வருகிறவர் கண்ணைக் கூசவைக்கும். ஹெட்லைட்டுக்கு ரிலே வைத்துத் தடித்த வயர் இழுத்தாலே பழைய பல்பின் வெளிச்சம் கண்கூடாகக் கூடும். கார் வாரக்கணக்கில் நிற்கும் என்றால் ஷெட்டில் ஒரு டிரிக்கிள் சார்ஜர் (பேட்டரியை மெதுவாக ஏற்றும் சார்ஜர்). என் கணிப்பில், வார இறுதியில் மட்டும் ஓடும் பெரும்பாலான கார்களுக்கு இதுவே போதும்.

வெளியே டைனமோ போலவே தெரியும் கூட்டுக்குள் ஆல்டர்னேட்டரை வைத்துப் பிரிட்டனில் விற்கிறார்கள். பார்க்க அசல் மாதிரியே இருக்கும். விலையும் இறக்குமதிச் செலவும் சேர்ந்தால் பர்ஸ் கொஞ்சம் அழும்.

மாற்றுவது என்று முடிவானால்

இங்கே அவசரப்பட்டால்தான் கார் எரியும். டைனமோவுக்காகப் போட்ட வயர் 22 ஆம்பியருக்கானது. அதிலேயே 36 அல்லது 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டரை இணைத்துவிட்டு "ஓடுதே சார்" என்று சொல்லும் எலெக்ட்ரீஷியனிடமிருந்து காரை ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

எந்த ஆல்டர்னேட்டர்? லூகாஸின் 16 ஏசிஆர் 34 ஆம்பியர், 17 ஏசிஆர் 36 ஆம்பியர். பழைய எஞ்சினில் பொருந்த வசதியான அளவு. நம் ஊரில் பல மெக்கானிக்குகள் மாருதி 800 அல்லது ஆம்னியின் ஆல்டர்னேட்டரைக் கையில் எடுப்பார்கள். சென்னையின் பழைய வண்டிச் சாமான் சந்தையான புதுப்பேட்டையில் சுலபமாகக் கிடைக்கும், சர்வீஸ் செய்யவும் ஆள் உண்டு. எதுவானாலும் ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கும் வகையாகப் பாருங்கள். ஏசி இல்லாத காருக்கு 65, 70 ஆம்பியர் எதற்கு? பெல்ட் கத்தும், வயர் செலவு கூடும்.

வாங்கும் முன் டைனமோவின் பின்னால் வேறு ஏதாவது தொங்குகிறதா என்று பாருங்கள். எம்ஜி டிடி போன்ற கார்களில் டேகோமீட்டருக்கான கேபிள் டைனமோவிலிருந்துதான் போகிறது. பவர் ஸ்டியரிங் உள்ள சில ஜாகுவார்களில் அதன் பம்ப் டைனமோவின் வாலில் உட்கார்ந்திருக்கும். அப்படியென்றால் அது வேறு கணக்கு.

பொருத்தும்போது: பேட்டரியைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். ஆல்டர்னேட்டர் டைனமோவைவிடக் குட்டை என்பதால் பழைய பிராக்கெட்டில் இடைவெளி விழும். அதற்கு லேத்தில் ஒரு குழாய்த் துண்டு அறுத்து ஸ்பேசராக்குங்கள். பிராக்கெட்டை வெட்டவோ வெல்டு வைக்கவோ வேண்டாம், நாளை பழையபடி மாற்ற முடியாமல் போகும். கிராங்க், வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர் மூன்று புல்லிகளும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று நேரான ஸ்கேலை வைத்துப் பாருங்கள். பெல்ட்டின் அகலமும் புல்லியின் பள்ளமும் ஒத்துப்போக வேண்டும். மாருதி புல்லி பல பள்ளங்கள் உள்ள தட்டைப் பெல்ட்டுக்கானது என்றால் பழைய வி பெல்ட்டுக்கேற்ற புல்லி மாற்றித் தரச் சொல்லுங்கள்.

வயரிங்கில் ஆல்டர்னேட்டரின் பெரிய முனையிலிருந்து செல்ஃப் சோலனாய்டின் (செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) பேட்டரிப் பக்க முனைக்கு நேராகப் புது வயர். 36 ஆம்பியர் வரை 6 சதுர மில்லிமீட்டர், 45 என்றால் 10. சோலனாய்டுப் பக்கம் ஒரு ஃப்யூஸ் கட்டாயம். சின்ன முனை எச்சரிக்கை விளக்குக்கு. அந்தச் சிவப்பு விளக்கு வெறும் அலங்காரம் அல்ல. ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்ளத் தேவையான முதல் மின்சாரம் அந்த பல்பின் வழியாகத்தான் வருகிறது. 2.2 வாட்ஸ் சாதா பல்பாகவே இருக்கட்டும். எல்இடி போட்டாலோ பல்பு ஃபியூஸ் போனாலோ, ஒரு முறை எஞ்சினை உறுமவிடும் வரை சார்ஜ் தொடங்காமலே இருக்கலாம்.

கட்அவுட் பெட்டியின் வேலை முடிந்தது. சுற்றிலிருந்து விலக்கிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே விட்டுவையுங்கள். கார் முழுக்கப் போகும் வயர்களுக்கு அதன் முனைகளையே சந்திப்பாகப் பயன்படுத்தலாம். ஆம்பியர் மீட்டர் 30 வரை மட்டும் காட்டுவதாக இருந்தால் அதன் வழியாக 45 ஆம்பியரை அனுப்பாதீர்கள். வோல்ட் மீட்டர் மாட்டுவது நல்லது.

மாட்டி முடித்ததும் பேட்டரி முனையில் மீட்டரைப் பிடியுங்கள். எஞ்சின் நிற்கும்போது நல்ல பேட்டரி 12.6 காட்டும். ஓடும்போது விளக்கெல்லாம் போட்ட நிலையிலும் 13.8-க்கும் 14.5-க்கும் நடுவே நிற்க வேண்டும். 15-ஐத் தொட்டால் ரெகுலேட்டர் சரியில்லை, பேட்டரி வெந்துவிடும். டைனமோ காலத்துப் பழக்கம் ஒன்றை இன்றோடு விட்டுவிடுங்கள்: எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிப் "சார்ஜ் வருதா" என்று பார்ப்பது. ஆல்டர்னேட்டரில் அது டயோடுக்கு உலை. உடம்பில் வெல்டிங் வைக்கும்போதும் ஆல்டர்னேட்டர் இணைப்பைக் கழற்றிவிடச் சொல்லுங்கள்.

பதிவும் போட்டியும்

2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி 50 ஆண்டுகளைக் கடந்து, அசல் வடிவில் பராமரிக்கப்படும் வண்டிகளை விண்டேஜ் என்று 'விஏ' எழுத்துகளோடு பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும், மறுபதிவுக்கு 5,000. பெரிய மாற்றம் என்று விதி பேசுவது சேஸிஸ், பாடி, எஞ்சின் பற்றித்தான். ஆனால் இப்படிப் பதிந்த காரைத் தினசரி ஓட்ட அனுமதி இல்லை. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது என்று அதன் ஓட்டமே குறுகிவிடும். இரவு நெரிசல் என்ற காரணமும் அதோடு போய்விடுகிறது, எனவே விஏ பதிவுக்குப் போகிறவர் டைனமோவை விட்டுவைப்பதே புத்திசாலித்தனம். போட்டியில் நிறுத்துகிறவருக்கும் அதேதான்: நடுவர் பானட்டைத் திறந்ததும் அலுமினியம் பளபளக்கும் ஆல்டர்னேட்டர் கண்ணில் பட்டால் மதிப்பெண் குறையும்.

மாற்றியவர்கள் பழைய டைனமோ, புல்லி, போல்ட், பிராக்கெட் துண்டு எல்லாவற்றையும் துடைத்து, எண்ணெய் தடவி, ஒரே பெட்டியில் போட்டு வையுங்கள். கழற்றும் முன் எடுத்த வயரிங் படங்களையும் அச்செடுத்து அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள். புது பெல்ட் முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டரில் தளரும். அதை ஒரு முறை இறுக்கிவிட்டால் அப்புறம் ஆறு மாதத்துக்குத் தொட வேண்டியிருக்காது.